மிதவை ஓட்டையான பழைய டிராக்டர்: பற்றவைப்பதா, புதிது வாங்குவதா, கார்புரேட்டரையே மாற்றுவதா?

பழைய பெட்ரோல் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஒருநாள் வந்தே தீரும். ராத்திரி ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போன வண்டியின் அடியில் காலையில் ஈரம். கொட்டகைக் கதவைத் திறந்ததுமே பெட்ரோல் நெடி. எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றி, அதனுள் இருக்கும் பித்தளை மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்கிறது. ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கலாம், புது மிதவை வாங்கிப் போடலாம், கார்புரேட்டரையே மாற்றிவிடலாம், அல்லது நிறுத்தும்போதெல்லாம் டேங்க் வால்வை மூடிக்கொண்டு அப்படியே ஓட்டலாம். நான்கையும் ஆட்கள் செய்கிறார்கள். எந்த வண்டிக்கு எது சரி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். அமெரிக்காவின் ஃபோர்ட் 8என் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. மேலே சாம்பல் நிறம், எஞ்சினும் கீழ்ப்பகுதியும் சிவப்பு. இதற்கு முந்தைய 9என், 2என் இரண்டும் இதே குடும்பம்தான். மூன்றிலும் மார்வெல்-ஷெப்ளர் டிஎஸ்எக்ஸ் வகை கார்புரேட்டர். நம் ஊரில் டிராக்டர் என்றாலே டீசல் என்பதால் டிராக்டரில் கார்புரேட்டரைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் உறவு ஒன்று இருக்கிறது. 1938இல் ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கலோடு செய்துகொண்ட உடன்பாட்டில் பிறந்ததுதான் 9என். அதே ஃபெர்குசனின் டிஇ20, 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வெளிவரத் தொடங்கியது. அந்தப் பெயர் மாஸி ஃபெர்குசனாகி, அந்தத் தொழில்நுட்பக் கூட்டோடு 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. பெரும்பாலான பெட்ரோல் டிஇ20களில் இருப்பது ஜெனித் கார்புரேட்டர். அளவுகள் வேறு என்றாலும் கீழே சொல்லும் முறைகள் அதற்கும் பொருந்தும்.

மிதவை செய்யும் வேலை எளிமையானது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலேறி வால்வை மூடுவது போலத்தான். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறினால் மிதவை உயர்ந்து, நீடில் என்ற ஊசியை அது உட்காரும் சீட் என்ற துளைக்குள் அழுத்தும், வரத்து நிற்கும். மிதவைக்குள் பெட்ரோல் புகுந்தால் அது கனத்து அமிழும், நீடில் மூடாது. 8என்-இல் இது ஏன் பெரிய ஆபத்து என்றால், அதில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பத்து கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் டேங்க் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. கார்புரேட்டரோ எஞ்சினுக்குக் கீழ்ப்புறம் தொங்குகிறது, காற்றும் பெட்ரோலும் கீழிருந்து மேலே போகும் அமைப்பு. நீடில் மூடாவிட்டால் தானாக இறங்கும் பெட்ரோல், காற்று நுழையும் வாய் வழியாக வெளியே கொட்டும். வால்வு திறந்தே இருந்தால் விடிவதற்குள் டேங்க் காலியாகிவிடலாம்.

மிதவையைக் குறை சொல்வதற்கு முன் ஒழுகுவதற்கு வேறு காரணம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். கார்புரேட்டர் ஒழுகினால் பாதிக்கு மேல் குற்றவாளி நீடில்தான் என்பது என் கணிப்பு. டேங்கின் துரு ஒரு துகள் வந்து நீடிலுக்கும் சீட்டுக்கும் நடுவே உட்கார்ந்தாலே போதும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் லேசாக இரண்டு தட்டு தட்டுங்கள். ஒழுகல் நின்று, பிறகும் நின்றபடியே இருந்தால் அது தூசி. தட்டியும் நிற்காவிட்டால், அல்லது நின்றதுபோல் நின்று அரை மணியில் மறுபடி தொடங்கினால், கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கழற்றியதும் கார்புரேட்டரின், மிதவை தொங்கும் மேல் பாதியைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் துளையில் சின்னக் குழாய் செருகி வாயால் ஊதிப் பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது மிதவையின் எடையே நீடிலை மூடிவிடும், காற்று போகக் கூடாது. போனால் நீடில், சீட் அல்லது சீட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரில் கோளாறு. காற்று போகவில்லை என்றால் நீடில் நல்லது, மிதவையைச் சந்தேகப்படலாம்.

மிதவையில் ஓட்டை இருக்கிறதா என்பதற்கு வெந்நீரைவிட நல்ல சோதனை இல்லை. அடுப்பில் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மிதவையை அதில் அமுக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அமுக்கியதும் பித்தளையின் மேல் ஒட்டியிருந்த காற்று இரண்டு மூன்று பெரிய குமிழாகப் போகும், அது கணக்கில்லை. கொஞ்சம் பொறுத்தால் உள்ளே காற்று விரிந்து, ஒரே புள்ளியிலிருந்து ஊசிமுனை அளவில் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும். அதுதான் ஓட்டை. உடனே மார்க்கரால் வட்டம் போட்டுவிடுங்கள், ஆறியபின் தேடினால் கண்ணுக்கு அகப்படாது.

அந்தக் குமிழ் எங்கிருந்து வருகிறது என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். மிதவையின் இரண்டு ஓடுகள் சேரும் தையலிலிருந்து வந்தால் அது பழைய ஈயத்தின் விரிசல், பற்றவைக்கலாம். மிதவையைத் தாங்கும் கை பொருந்தியிருக்கும் இடத்திலிருந்து வந்தாலும் அப்படியே. ஆனால் பக்கவாட்டில் பித்தளை தேய்ந்து பளபளவென்று மெலிந்து, அதன் நடுவிலிருந்து குமிழ் வந்தால் மிதவை கிண்ணத்தின் சுவரில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் தகடு காகிதமாகியிருக்கும். இன்றைக்கு ஈயம் வைத்தாலும் நாளைக்குப் பக்கத்தில் ஓட்டை விழும். அதோடு மிதவையின் கீல் ஊசியோ அதன் துளையோ தேய்ந்திருக்கும், அல்லது இரண்டு பாதிக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட்டின் விளிம்பு உள்ளே துருத்தியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எந்த மிதவையைப் போட்டாலும் பயனில்லை.

சரி, பற்றவைப்பதைப் பார்ப்போம். காசு செலவே இல்லாதது, இருக்கும் அசல் பொருளைக் காப்பாற்றுவது, மனசுக்கும் நிறைவானது. ஆனால் நான்கில் இதுதான் அதிகம் கெடுத்துக்கொள்ளப்படும் வேலை.

முதல் விதி: உள்ளே பெட்ரோல் இருக்கும் மிதவையைச் சூடாக்கக் கூடாது. ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் மூடிய பித்தளைக் கூட்டுக்குள் அது ஆவியாகி வெடிக்கும். ஓட்டை கீழே இருக்கும்படி பிடித்து வெந்நீரில் முக்கி எடுத்தால் ஓரளவு பீய்ச்சி வெளியேறும், முழுதும் போகாது. பெட்ரோலில் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டித்தான் ஆவியாகும் பகுதிகளும் கலந்திருக்கின்றன. அதனால் ஓட்டைக்கு எதிர்ப்புறம், தையலிலிருந்து விலகி, ஒன்றரை மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, பெட்ரோலை வடித்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் வெயிலில் காயவிடுவதே நல்லது. முகர்ந்தால் நெடி அறவே இருக்கக் கூடாது.

இந்தத் துளை பெட்ரோலை வடிக்க மட்டுமல்ல. ஓட்டையை அடைக்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சூட்டில் விரியும். அதற்கு வேறு வழி இல்லாவிட்டால், உருகிய ஈயத்தையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆறியபின் பார்த்தால் ஈயத்தின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை நிற்கும். "நானும் பத்தவச்சேன், நிக்கலை" என்று சொல்பவர்களில் பலருக்கும் நடந்தது இதுதான். துளை இருந்தால் காற்று அந்த வழியே போய்விடும். முதலில் ஓட்டையை அடைத்து, மிதவை முழுதும் ஆறும்வரை காத்திருந்து, கடைசியாகத் துளையின் மேல் சால்டரிங் அயர்னை ஒரு நொடி தொட்டு ஒரே துளி ஈயத்தில் மூடிவிட வேண்டும். நிதானமாகத் தடவிக்கொண்டிருந்தால் மறுபடியும் காற்று விரிந்து கொப்பளிக்கும்.

தீச்சுடர் வேண்டாம், சால்டரிங் அயர்ன் போதும். தகரமும் ஈயமும் கலந்த சாதாரணப் பற்றுக்கம்பி 183 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே உருகும். மிதவையின் தையலும் அதே மாதிரி பற்றுதான் என்பதால், டார்ச் பிடித்தால் ஒரு ஓட்டையை அடைக்கப்போய் முழுத் தையலும் அவிழ்ந்து இரண்டு ஓடாகக் கையில் வந்துவிடும். பற்றவைக்கும் இடத்தை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துப் பித்தளை நிறம் தெரியச் செய்யுங்கள். ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் ஃப்ளக்ஸில் அமில வகை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கழுவாமல் விட்டால் பித்தளையைத் தின்னும். ரோசின் ஃப்ளக்ஸ் பாதுகாப்பானது.

அடுத்தது எடை, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். உறுதிக்காக என்று ஈயத்தைக் கட்டி கட்டியாக வைத்தால் மிதவை கனத்துப்போகும். கனத்த மிதவை தாழ்ந்து நிற்கும், பெட்ரோல் மட்டம் உயரும், ஓட்டை இல்லாமலேயே ஒழுகத் தொடங்கும். ஈயம் படலமாக இருந்தால் போதும். மிஞ்சியதை மெல்லிய அரத்தால் சீவிவிடுங்கள். டிஎஸ்எக்ஸ் மிதவைக்கு இரண்டு அறைகள், ஒரு பக்கம் மட்டும் ஈயம் ஏறினால் சாய்ந்து மிதக்கும். முடித்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்கவிட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு அமிழ்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மறுபடியும் வெந்நீர்ச் சோதனை. முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் ஈயம் வைத்திருக்கும் மிதவை கைக்கு வந்தால், நான் இன்னொரு பற்று வைக்க மாட்டேன்.

இவ்வளவு பாடு எதற்கு, புது மிதவை வாங்கலாமே? 8என்-க்கு என்றால் ஆமாம், வாங்கிவிடுங்கள். இன்றைக்கும் பல ஆயிரம் 8என் ஓடிக்கொண்டிருப்பதால் அமெரிக்காவில் இதற்கு மிதவை, நீடில், சீட், கேஸ்கெட் எல்லாம் எளிதாகக் கிடைக்கின்றன. பற்றவைப்பது அவ்வளவு எளிதாகப் புதிது கிடைக்காத வண்டிக்கான வேலை. ஏதோ ஒரு கம்பெனி சில ஆண்டு மட்டும் செய்து நிறுத்திய டிராக்டர், மாடல் எண்ணே தெரியாத கார்புரேட்டர், இன்னொன்று தேடினால் பழைய இரும்புக் கடையில்தான் என்ற நிலை என்றால், அங்கே சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பதே புத்திசாலித்தனம்.

புது மிதவையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பழையபடி பித்தளை. இன்னொன்று கருப்பாக, இறுகிய நுரை போல, நுண்ணறைகள் மூடிய செயற்கைப் பொருள். இந்த இரண்டாவதைப் பரிந்துரைப்பவர்கள் இதில் ஓட்டையே விழாது என்பார்கள். உண்மைதான், வெற்றறையே இல்லாததில் ஓட்டை ஏது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பெட்ரோலில் ஊறினால் அது மெல்ல மெல்ல உறிஞ்சிக் கனக்கக்கூடும். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வராது, வெந்நீரில் போட்டால் குமிழ் வராது, எடை போட்டால்தான் தெரியும். கனத்துவிட்டால் சரிசெய்யவும் முடியாது. பித்தளை தன் கோளாறை ஒளித்துவைக்காது, மறுபடி பற்றவைக்கவும் முடியும். இரண்டும் கிடைக்கும் இடத்தில் நான் பித்தளையைத்தான் எடுப்பேன். அதைவிடப் பழைய சில கார்புரேட்டர்களில் கார்க் மிதவை இருக்கும். அரக்குப் பூசி வைத்த அந்தக் கார்க்குக்கு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் எதிரி, அரக்கை எத்தனால் கரைத்துவிடும். அங்கே மட்டும் கருப்பு நுரையோ பித்தளையோ, பொருந்துகிற எதையும் தயங்காமல் போடலாம்.

மிதவை வாங்கும்போதே நீடிலையும் சீட்டையும் ஜோடியாக வாங்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், பழைய சீட்டில் விழுந்திருக்கும் தடம் புது நீடிலோடு பொருந்தாது. உலோக முனை நீடிலைவிட விட்டான் ரப்பர் முனை உள்ளது சின்னத் தூசியைப் பொறுத்துக்கொள்ளும், எத்தனாலும் அதை எளிதில் கெடுக்காது. பெட்டியில் வரும் கேஸ்கெட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பல மாடலுக்குப் பொதுவாக வெட்டியதாக இருந்தால் அதன் உள்விளிம்பு மிதவையில் முட்டும். போடும் முன் வைத்துப் பார்த்து, முட்டினால் கத்தரித்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாகக் கார்புரேட்டரையே மாற்றுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. புதிதாகச் செய்த நகல்கள் மலிவாகக் கிடைப்பதால் ஆசையும் வரும். நான் சொல்வது: அசல் உடம்பு நன்றாக இருக்கும்வரை அதை விடாதீர்கள். டிஎஸ்எக்ஸ் கனமான வார்ப்பு, எழுபது வருஷம் தாண்டியும் உள்வழிகள் சுத்தமாக இருந்தால் புதிதுபோல வேலை செய்யும். மலிவு நகல்களில் துளைகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறும், உள்ளே வார்ப்பு மணல் மிச்சமிருக்கும், மிதவை மட்டம் சரிபார்க்காமலேயே வரும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, மட்டம் வைத்து, கேஸ்கெட் மாற்றிப் போடுவதற்கு, அசலுக்கே அந்த உழைப்பைக் கொடுத்திருக்கலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தண்டின் துளை தேய்ந்து, தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதென்றால் அந்த இடைவெளியில் காற்று புகும், மிதவையை என்ன செய்தாலும் ஓட்டம் சீராகாது. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து விரிசல் விட்டிருக்கலாம். குளிர்ப் பிரதேசத்தில் சும்மா நின்ற வண்டிகளில் இது அரிதல்ல. நீடில் ஜெட்டின் திருகு பாழாகிக் கழற்றவே முடியாமல் போயிருக்கலாம். இங்கெல்லாம் மாற்றுங்கள், ஆனால் நகலுக்குப் பதில் அசல் உடம்பைப் புதுப்பித்து, தண்டுக்குப் புது புஷ் போட்டு விற்பவர்களிடம் வாங்குங்கள். விலை கூடுதல்தான். பழைய கார்புரேட்டரைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள். உதிரிக்கு ஆகும், சிலர் மாற்றாக வாங்கிக்கொள்ளவும் செய்வார்கள்.

வால்வை மூடி மூடி ஓட்டுவது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. செய்யாதீர்கள். நிற்கும்போது மட்டும்தான் அது காப்பாற்றும். ஓடும்போது பாதி அமிழ்ந்த மிதவை பெட்ரோலை அளவுக்கு மிஞ்சி விடும்: கரும்புகை, கரி பிடித்த ஸ்பார்க் பிளக், சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும் பெட்ரோல். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பெட்ரோல் நெடி அடித்தால் எஞ்சின் ஆயிலையும் மாற்ற வேண்டிவரும். எல்லாவற்றையும்விட, காற்று வாயில் பெட்ரோல் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து எஞ்சின் ஒருமுறை பின்னடித்தால், அதாவது உள்ளேயுள்ள சுடர் கார்புரேட்டர் வழியே திரும்பி வந்தால், தீப்பிடிக்கும். அதற்கு மேலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஒரு மிதவையின் விலைக்காக இந்த ஆபத்தை ஏற்பது நியாயமில்லை. வேலை முடிந்ததும் வால்வை மூடும் பழக்கம் நல்லதுதான், அதை மிதவை நன்றாக இருக்கும்போதும் செய்யுங்கள்.

பற்றவைத்ததோ புதிதோ, எதைப் போட்டாலும் மட்டம் வைக்காமல் மூடக் கூடாது. டிஎஸ்எக்ஸ் மேல் பாதியைத் தலைகீழாக வைத்து, கேஸ்கெட்டுக்கும் மிதவைக்கும் இடையே கால் அங்குலம், அதாவது ஆறேகால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், இடைவெளி இருக்க வேண்டும். கால் அங்குல டிரில் பிட்டின் அடிப்பகுதியை இடையில் செருகிப் பார்த்தால் போதும், அளவுகோல் தேவையில்லை. இரண்டு அறைக்கும் ஒரே இடைவெளி வர வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் மிதவையில் நீடிலை அழுத்தும் நாக்கை வளைத்துச் சரிசெய்யுங்கள். மிதவையை அமுக்கி நீடிலின் மேல் பாரம் கொடுத்து வளைத்தால் விட்டான் முனையில் தடம் விழும். மிதவையை எடுத்துத் தனியே வளைத்து, மறுபடி மாட்டிப் பாருங்கள்.

மாட்டும் முன் வடிகட்டிகளையும் பார்த்துவிடுங்கள். 8என்-இல் மூன்று இருக்கின்றன: டேங்குக்குள் நீண்டிருக்கும் குழலில் ஒன்று, டேங்குக்கு அடியில் அழுக்கு தேங்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒன்று, கார்புரேட்டரில் நுழையும் பித்தளை முழங்கைக்குள் ஒன்று. கடைசியது இருப்பதே பலருக்குத் தெரியாது. டேங்கில் துரு இருந்தால் புது நீடிலின் ஆயுள் சில வாரம்தான்.

எல்லாம் மாட்டியபின் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் பிளக்கைத் திறந்து, ஒரு பாத்திரத்தில் பிடித்து ஓட்டத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் நிற்காமல் வர வேண்டும். பிளக்கை மூடி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், டேங்க் வால்வைத் திறந்து வைத்துக் கார்புரேட்டருக்கு அடியில் உலர்ந்த அட்டை ஒன்றைப் போட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கொட்டகைக்குள் வேண்டாம், திறந்த வெளியில். அட்டை உலர்ந்தே இருந்தால் ஸ்டார்ட் செய்து அரை மணி ஓட்டி, நிறுத்தி, இன்னொரு முறை பாருங்கள். எஞ்சின் அதிர்வில்தான் உரசும் மிதவையும் ஒட்டும் நீடிலும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது முறை ஈரம் தெரிந்தால் மட்டத்தை மாற்றத் தொடங்காதீர்கள், முதலில் கீல் ஊசியையும் கேஸ்கெட் விளிம்பையும் பாருங்கள்.